லிடியாவின் விமானம் இறங்கும் நேரம்

முப்பத்து நாலு வருஷம் ரயில்வேயில் கால அட்டவணை போட்டவன் நான். எனக்குப் போய் இன்னொருத்தர் நேரம் பார்க்கச் சொல்லித் தருவதா? டிக்கெட்டில் தெளிவாக இருந்தது. டெல்லியில் புறப்படுவது காலை பத்தரை, லண்டன் சேருவது மாலை மூன்று. கழித்தால் நாலரை மணி நேரம். முடிந்தது கதை.

அந்தத் தைரியத்தில்தான் என் மனைவி சூசையம்மாளின் நேர்ச்சைக்குத் தலையாட்டித் தொலைத்தேன். மகள் லிடியா நர்ஸ் வேலைக்கு லண்டன் போகிறாள். விமானத்தில் ஏறுவது இதுதான் முதல் தடவை. அவள் தரை இறங்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது என்று இவள் வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். சுகர்காரி. ஆனால் நாலரை மணி நேரம்தானே!

டெல்லி மயூர் விஹார் வீட்டில் கடிகாரம் மூன்று அடித்ததும் நான் எழுந்தேன்.

"இறங்கியாச்சு. வா, சாப்பிடு."

"பிள்ளை போன் பண்ணட்டுங்க" என்றாள், செபமாலையை விடாமல்.

மூன்றரை ஆயிற்று. போன் இல்லை. நாலும் ஆயிற்று. "என் பிள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு!" என்று சூசையம்மாள் அழுதாள். கீழ்வீட்டு மாதங்கியைக் கூப்பிட ஓடினேன். நொய்டாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண். வந்ததும் போனைத் தட்டி, விமானம் போகும் வழியை வரைபடத்தில் காட்டினாள். கருங்கடல் மேல் ஒரு குட்டி விமானம் ஊர்ந்துகொண்டிருந்தது.

"இன்னும் மூணரை மணி நேரம் இருக்கு, அங்கிள்."

"இவ்வளவு லேட்டா?"

"அரே, லேட் எங்க? பத்து நிமிஷம் முன்னாடிதான் போகுது. மூணு மணிங்கறது லண்டன் மணி, நமக்கு அது ஏழரை. ஆறாயிரத்து எழுநூறு கிலோமீட்டரை நாலரை மணியில போக, அது என்ன ராக்கெட்டா?"

எங்கள் ரயில்வேயில் காஷ்மீருக்கும் கன்னியாகுமரிக்கும் ஒரே மணிதான். அதற்கு நானா பொறுப்பு?

லிடியா பத்திரம் என்றதும் சூசையம்மாள் கண்ணைத் துடைத்தாள். ஆனால் சாப்பிட மாட்டாளாம். "மாதாகிட்ட சொன்னா சொன்னதுதான்." உதடு வெளுத்துக் கிடந்தது. என்னால்தான் இந்தக் கோலம் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"சூசை, இங்க பாரு. ஜி.டி. எக்ஸ்பிரஸ் சென்னை போய்ச் சேர்றதுக்குள்ள எத்தனை டிரைவர் மாறுறாங்க? வண்டி நின்னா போகுது? பாதி தூரம் நீ ஓட்டிட்ட. மீதி நேர்ச்சையை நான் ஓட்டுறேன். மாதாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"நீங்களா? நாலு மணி டீ இல்லாம?"

"டீயும் இல்லாம."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு செபமாலையை என் கையில் திணித்துவிட்டு எழுந்து போய், எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து நாலு தோசை சாப்பிட்டாள். பாவி, அன்றைக்கென்று பார்த்து வெங்காயச் சட்னி!

ஏழரை மணிக்கு, நான் கண் இருட்டிக் கிடந்தபோது, போன் அடித்தது.

"அப்பா, இறங்கிட்டேன்!"

"அங்க இப்ப மணி என்னம்மா?"

"மூணுப்பா."

எனக்கு எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ, நிமிர்ந்து உட்கார்ந்தேன். "கேட்டியா சூசை? நான் என்ன சொன்னேன்? மூணு மணி!"

"ஆமா, அப்படியே சொன்னீங்க" என்று தோசைத் தட்டை என் முன்னால் வைத்தாள். "இப்ப வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க."