உறையில் வராத கல்லூரி

அந்தப் பொறியியல் கல்லூரி கனடாவின் வின்னிபெக்குக்குத் துண்டு துண்டாக வந்தது. முதலில் படிக்கட்டு. நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், பொறியாளர்களுக்கு உரிமம் தரும் அலுவலகத்தின் கார் நிறுத்துமிடத்தில், பதினேழு படிகளும் கைப்பிடியுமாக நின்றது. புதன்கிழமை ஆய்வுக்கூடம் வந்தது. வெள்ளிக்குள் மேற்குச் சுவரைத் தவிர எல்லாம் வந்துவிட்டன. மேற்குச் சுவர் சூடானின் கார்ட்டூமில் குண்டு விழுந்தபோதே போய்விட்டது. கார் நிறுத்த இடமில்லை என்று ஊழியர்கள் முணுமுணுத்தார்கள். மற்றவர்கள் அதிகம் பேசவில்லை. அந்த வாரம் குளிர் மைனஸ் இருபத்தெட்டு.

கல்லூரி வந்தது விதாத் எல்ஹாஜுக்காக. நைல் நதியின் மேல் பத்தொன்பது வருஷம் பாலம் கட்டியவள், இங்கே முட்டை ஆலையில் விரிசல் விட்ட முட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உரிம அலுவலகத்தின் விதி ஒன்றுதான்: மதிப்பெண் சான்று கல்லூரியிலிருந்து நேரே, முத்திரையிட்ட உறையில் வரவேண்டும், விண்ணப்பித்தவர் கை படக் கூடாது. விதாத் ஒன்பது கடிதம் போட்டாள். இடிந்துபோன கல்லூரிக்குக் கடிதம் போடச் சொல்கிறவர்களை என்னவென்பது? பாலம் கட்டும் நிறுவனம் வைத்திருந்த கென் ஃப்ரீசன் அவளுக்காக ஒரு வேலையைக் காலியாக வைத்திருந்தார், டிசம்பர் முடியும்வரை.

அந்த வேலையைப் பேசி முடித்தவள் மாரிவிக். வெளிநாட்டில் படித்தவர்களை வேலைக்கு எடுக்க முதலாளிகளுக்கு வழிகாட்டும் அலுவலகத்தில் இருந்தாள். பிலிப்பைன்ஸின் இலோய்லோவில் பல் மருத்துவராக இருந்தவள். அதைப் பற்றிப் பேசமாட்டாள். மாதமொரு முறை முதலாளிகளுக்குக் காலை விருந்து வைப்பாள். படித்தவர்கள் அவரவர் ஊர்ச் சமையலைக் கொண்டுவர வேண்டும், முதலாளிகள் சாப்பிட்டுக்கொண்டே அவர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. விதாதுக்குச் சமையலே பிடிக்காது. ஆனாலும் மூன்று முறை அவரை விதையை வேகவைத்து மசித்துக் கொண்டுபோனாள். மூன்று முறையும் முதலாளிகள் செய்முறை கேட்டார்கள். கென் ஒருவர்தான் பாலத்தைப் பற்றிக் கேட்டார்.

உரிம அலுவலகத்திலிருந்து பெத் என்ற அதிகாரி பூட்ஸைத் துடைத்துவிட்டுக் கல்லூரிக்குள் போனார். பதிவாளர் அறையில் விதாதின் மதிப்பெண் பேரேடு திறந்தே கிடந்தது. முழுவதும் படித்துவிட்டு, நல்ல மதிப்பெண்கள் என்று மனதாரச் சொன்னார்.

"ஆனா இது உறையில இல்லையேம்மா."

"கல்லூரியே வந்து நிக்குது," என்றாள் விதாத்.

"நிக்குது, நான் இல்லேங்கல. மூடி வரலையே. ஒரு பக்கம் சுவர் வேற திறந்து கிடக்கு."

கென்னும் கையை விரித்தார். "உங்க மேல எனக்கு முழு நம்பிக்கை விதாத். காகிதத்துக்குத்தான் பயப்படறேன்." டிசம்பர் முடிந்தது.

ஜனவரியில், கட்டடம் தாங்குமா என்று நகராட்சி கேட்டது. அதைச் சோதிக்கும் பணி கென்னின் நிறுவனத்துக்கே கிடைத்தது. உள்ளூர் அனுபவம் சேரட்டும் என்று விதாதைச் சம்பளமில்லாமல் கூப்பிட்டார்கள். மூன்று வாரம் அவள் ஒவ்வொரு உத்திரமாக ஏறிப் பார்த்து நாற்பது பக்கம் எழுதினாள். உரிமம் வாங்கி ஆறு மாதமான டைலர் என்ற பொறியாளன் அதில் கையெழுத்துப் போட்டான். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

மேற்குச் சுவரைப் புதிதாகக் கட்டியதும் மாரிவிக்கின் அலுவலகம் அங்கே குடிபோனது. அடுத்த வருஷங்களில் அலெப்போவிலிருந்தும் காபூலிலிருந்தும் கல்லூரிகள் வந்தன. கல்லூரிகள் பின்புறம் நிற்கவும் என்று பலகை வைத்தார்கள். நான்காம் வருஷம், விதாத் ஒருகாலத்தில் பாடம் கேட்ட கூடத்திலேயே காலை விருந்து ஏற்பாடானது. மாரிவிக் போன் செய்தாள்.

"அக்கா, அந்த அவரை விதை மசியலைக் கொண்டு வர்றீங்களா? எல்லாரும் கேக்கறாங்க."

"எனக்குப் பாலம் கட்டத் தெரியும் மாரிவிக். அதைக் கேக்கறவங்க வந்தா கூப்பிடு."

மாரிவிக் உணவுப் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டாள். விருந்துக்கு எண்பது முதலாளிகள் வந்தார்கள். அன்று காலை வந்திறங்கிய மருந்தியல் கல்லூரி ஒன்று வழியில் நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு போய்க் காரை நிறுத்தினார்கள்.