இறங்கத் தெரிந்தவருக்கே வண்டி

கண்ணாடிக்கடைக்காரருக்கு ஐம்பத்தாறு வயதில் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தெரு முடிவு கட்டியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கடையை மூடிவிட்டு வந்ததும் மனிதர் கூடத்துச் சன்னலைக்கூடச் சாத்தாமல் சாப்பாட்டு மேசைக்கு அடியில் நுழைகிறார். கொஞ்ச நேரம் வழுக்கை மட்டும் தெரிகிறது. அப்புறம் ஒரு கால் வெளியே வருகிறது. அப்புறம் "ஐயோ" என்று ஒரு சத்தம். இதைப் பார்த்த நாளிலிருந்து எதிர்மாடி அக்கா துணி காயப்போடும் நேரத்தையே மாற்றிக்கொண்டாள். போடத் துணி இல்லாத நாளில் காய்ந்ததையே எடுத்து மறுபடி உதறினாள்.

எல்லாம் ஒரு காரால் வந்தது. கார் என்றால் குடும்பத்தை அள்ளிப்போட்டுக்கொண்டு போகிற கார் இல்லை. இருக்கை இரண்டே இரண்டு. எஞ்சின் முன்னால் கிடையாது. ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால் குந்தியிருக்கும். உடம்பு முழுக்கக் கண்ணாடியிழை. எடை மற்ற கார்களில் பாதிதான் இருக்கும். உயரத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள், கூரை அவர் இடுப்புக்குத்தான் வந்தது. இப்படி ஒன்றை அவர் இருபது வயதில் சிக்னலில் பார்த்தார். பச்சை விழுந்ததும் அது போய்விட்டது. கூடவே போன மனசு இன்னும் வீடு திரும்பவில்லை.

ஊரின் மறுகோடியில் ஒரு பல் டாக்டர் அதே வண்டியை விற்கிறார் என்று தெரிந்ததும் மனைவியிடம் மூச்சுக்கூட விடாமல் அவரிடம் ஓடினார். டாக்டர் மெலிந்த, அதிகம் பேசாத ஆள். விலை பேசவே இல்லை. துணிக்கூரையை இழுத்துப் பூட்டிவிட்டு, "ஏறுங்க சார்" என்றார்.

"கூரையைக் கழட்டிட்டா சுலபமா இருக்குமே டாக்டர்?"

"மழை வந்தா கழட்டிட்டா ஓட்டுவீங்க?"

கதவுக்கும் இருக்கைக்கும் நடுவில் திண்டு மாதிரி அகலமான விளிம்பு. அதைத் தாண்டிக் காலை விட்டு, தலையைக் குனிந்து, வயிற்றை உள்ளே இழுத்து, எப்படியோ விழுந்துவிட்டார். சொர்க்கம்தான். ஸ்டியரிங் கைக்குள் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு அடக்கமாக இருந்தது. ஆனால் "இப்ப இறங்குங்க" என்றதும்தான் சொர்க்கத்துக்குப் போனவர்கள் ஏன் திரும்பி வருவதில்லை என்பது புரிந்தது. முழங்கால் மடங்கியது மடங்கியபடியே நின்றது. கடைசியில் டாக்டர் அக்குளில் கைகொடுத்து, பல்லைப் பிடுங்குவதுபோல அவரைப் பிடுங்கி எடுத்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். முன்னாடி ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்து, அப்புறம் மாட்டேன்னுட்டேன். ஏற இறங்க முடியாதவர் வாங்கினா என்ன ஆகும்? உறையைப் போட்டு மூடி வச்சிருவார். இது நின்னா செத்துரும். துணையில்லாம ரெண்டு தடவை ஏறி இறங்கிக் காட்டுறவருக்குத்தான் சாவி. ஒரு மாசம் டைம் எடுத்துக்கோங்க, வேற யாருக்கும் கொடுக்கல."

அதற்குத்தான் இந்த மேசை. உயரம் கிட்டத்தட்ட வண்டிக் கூரைதான். விளிம்புக்குப் பதில் சோபாத் திண்டு ஒன்று, ஸ்டியரிங்குக்குப் பதில் மேசைக்கால்.

ஒரு நாள் மனைவி சீக்கிரம் வந்துவிட்டாள். நகராட்சிக் குளத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள். குரல் எப்போதும் குளத்தின் அக்கரைக்குக் கேட்கிற மாதிரிதான் இருக்கும். ஈரப்பையைத் தோளில் மாட்டியபடி வாசலிலேயே நின்றாள். மேசைக்கு அடியில் கணவர், பாதி உள்ளே, பாதி வெளியே.

"ஏங்க, என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல. பேனா."

"பேனா சட்டைப்பையில இருக்கு."

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. படுத்தபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தார். எதிர்மாடியில் துணி உதறும் சத்தம் நின்றது.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "ரெண்டு சீட்டு. நம்ம பொண்ணு ஊர்லேருந்து வந்தா டிக்கியில உட்காருவாளா?"

"டிக்கியும் சின்னதுதான்" என்றார் அவர், பொய் சொல்லத் தெரியாமல்.

"எடையைக் குறைக்க எத்தனை பேர் மண்டையை உடைச்சுக்கிட்டு இழை இழையா செஞ்சிருக்காங்க! நீங்க போய் உட்கார்ந்தா அத்தனையும் போச்சு."

அவர் மேசைக்காலைப் பிடித்தபடி அப்படியே கிடந்தார். கேலி பேசினால் திருப்பிக் கேலி பேசுகிற மனிதர். இத்தனை வருடத்தில் அவர் வாயடைத்துப்போய் அவள் பார்த்ததே இல்லை. ஈரப்பையைக் கீழே வைத்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் அமர்ந்தாள்.

"நீங்க காலால எந்திரிக்கப் பார்க்குறீங்க. அதான் தப்பு. குளத்துலேருந்து ஏறும்போது கால் எங்க ஊனுது? கைதான். ரெண்டு உள்ளங்கையையும் விளிம்புல வைங்க. உடம்பைத் தூக்கி அதுமேல உட்காருங்க. அப்புறமா காலை எடுங்க. ம், ஆறு வயசுப் பிள்ளை செய்யுது!"

அன்றிலிருந்து நடந்தது பயிற்சியா தண்டனையா என்று தெருவுக்குப் புரியவில்லை. "இடுப்பு! இடுப்பைத் தூக்குங்க!" என்ற குரல் தெருமுனை வரை கேட்டது. எதிர்மாடி அக்கா இதற்குச் சொன்ன விளக்கங்களை இங்கே எழுத முடியாது.

கெடு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, குளத்து வகுப்பு முடிந்த கையோடு ஈரப்பையுடனே அவளும் கிளம்பிவிட்டாள். டாக்டர் கூரையைப் பூட்டினார். கண்ணாடிக்கடைக்காரர் ஏறினார். உள்ளங்கை, இடுப்பு, விளிம்பு, கால். வெளியே வந்து நின்றார். டாக்டரின் புருவம் உயர்ந்தது. மனைவி எங்கேயோ பார்ப்பதுபோல நின்றாள், வாயோரச் சிரிப்பு மட்டும் அடங்கவில்லை.

இரண்டாம் தடவை ஏறியதும் அவருக்கே தெரிந்துவிட்டது. முழங்காலுக்குள் ஏதோ பூட்டிக்கொண்டது. கையை ஊன்றினார், பாதி எழுந்து மறுபடி இருக்கையில் விழுந்தார். இன்னொரு முறை பார்த்தார். முடியவில்லை. யாரும் சிரிக்காததுதான் அவரைக் கொன்றது. முப்பத்தாறு வருடம் வெளியே போயிருந்த மனசு, வாசல்வரை வந்து திரும்பப் போவதுபோல இருந்தது.

டாக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவிதான் கேட்டாள்: "நீங்க ஏன் டாக்டர் இதை விக்கிறீங்க?"

"இடுப்பு மூட்டும்மா" என்றார் அவர், கொஞ்சம் தயங்கி. "போன வருஷம் இதே ஷெட்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன். காலையில ஏறினவன். மத்தியானம் மருந்து கொடுக்க வந்த ஆள்தான் வெளிய எடுத்தான். வீட்டுல நான் மட்டும்தான். தூக்கிவிட ஆள் வேணுமில்ல?"

"அவ்வளவுதானே? இவருக்கு ஆள் இருக்கு."

சொன்னவள் சுற்றிப்போய் மறுபக்கக் கதவைத் திறந்தாள். உள்ளங்கை, இடுப்பு, கால். மீன் தண்ணீரில் இறங்குவதுபோல இருக்கையில் வழுக்கி அமர்ந்தாள். பையை வைக்க இடமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் வண்டியின் கூரையை ஒருமுறை தடவிக்கொடுத்தார். பிறகு சாவியைச் சன்னல் வழியாக நீட்டினார். "வாரம் ஒரு தடவையாவது ஓட்டுங்க சார்" என்றார். குரல் பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன் குரல்போல இருந்தது.

"நீங்களும் ஞாயித்துக்கிழமை வாங்க டாக்டர்" என்றாள் அவள். "உங்களையும் நானே தூக்கிவிடுறேன்."

முதுகுக்குப் பின்னால் எஞ்சின் உறுமியது. சாலையின் ஒவ்வொரு கல்லும் கைக்கு வந்து பெயர் சொல்லிவிட்டுப் போனது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை, நினைத்தாலே வண்டி திரும்பியது. பக்கத்திலிருந்து "மெதுவா, மெதுவா" என்றவள், ஆள் இல்லாத சாலை வந்ததும் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

வீட்டுக்கு முன் நின்றபோது தெருவில் ஒரு சன்னல்கூட மூடியிருக்கவில்லை. எதிர்மாடி அக்கா துணி என்ற சாக்குக்கூட இல்லாமல் கைப்பிடிச்சுவரில் முழங்கையை ஊன்றி நின்றாள். கண்ணாடிக்கடைக்காரர் வேர்த்துப்போய் ஸ்டியரிங்கையே பிடித்துக்கொண்டிருந்தார்.

"பெடல் மிதிக்கிற வரைக்கும் நல்லா இருந்த முட்டி மறுபடி பூட்டிக்கிச்சு" என்றார் மெல்ல. "எல்லாரும் பார்க்குறாங்க."

"பார்க்கட்டும்."

அவள் இறங்கினாள். சுற்றி வந்து அவர் பக்கக் கதவைத் திறந்தாள். ஈரப்பையிலிருந்து பெரிய நீலத் துண்டை உருவி, குளக்கரையில் பிள்ளைகள் உடை மாற்றும்போது பிடிப்பதைப்போல, இரண்டு கையாலும் அகல விரித்துத் தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"ம், இப்ப வாங்க. கை, இடுப்பு. என் தோளைப் பிடிச்சுக்கோங்க."

துண்டுக்குப் பின்னால் முனகல் கேட்டது, ஏதோ தட்டிய சத்தம் கேட்டது, அப்புறம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. துண்டை மடித்தபோது அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக நின்றிருந்தார்.

எப்படி இறங்கினார் என்று எதிர்மாடி அக்கா இன்றுவரை விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.