வீட்டம்மாவின் தோல்

இன்குபேட்டர் கதவைத் திறந்ததுமே அவள் முதல் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

நேற்று மாலை வரை ரோஜா நிறத்தில் இருந்த திரவம் இன்று மஞ்சள். அதுவும் கலங்கிப்போன அழுக்கு மஞ்சள். ஒரு தட்டில் மட்டும் என்றால் கைப்பிழை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அத்தனை தட்டும்! மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். ஓடு பதித்த தரைபோல நெருக்கமாகப் படர்ந்திருந்த செல்களுக்கு நடுவே, நூல் நூலாகப் பூஞ்சை.

அந்த மருத்துவமனையின் தோல் ஆய்வகத்தில் அவளுக்கு அடைக்கோழி என்று பெயர். உடம்புச் சூட்டிலேயே இருக்கும் அந்தப் பெட்டியை விட்டு நகரமாட்டாள் என்பதால், கூட வேலை செய்பவர்கள் வைத்தது. தீயில் வெந்தவரின் தொடையிலிருந்து தபால்தலை அளவு நல்ல தோல் எடுத்து, செல்களைப் பிரித்து, ஊட்டம் கொடுத்துக் காத்திருந்தால், சில வாரங்களில் மெல்லிய தாளாகப் படரும். அதை எடுத்துப் புண்ணின்மேல் ஒட்டுவார்கள்.

இந்தத் தட்டுகளில் வளர்ந்தது ஒரு பஸ் டிரைவரின் மனைவியுடையது. சலவை ஆலையில் பாய்லர் வெடித்து முதுகு முழுக்க வெந்துபோனவள். டிரைவர் தினமும் கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்.

“தங்கச்சி, எங்க வீட்டம்மா தோலு எப்படி இருக்காங்க?”

“தோலுக்கெல்லாம் மரியாதையாண்ணே?”

“குறைஞ்சது தெரிஞ்சா, வீட்டுல என் தோலை உரிச்சிடுவாங்க!”

இன்றுதான் ஒட்டும் நாள். அறுவை அரங்கு தயார்.

“இன்னும் பேக் பண்ணலையா? தியேட்டர்லேர்ந்து போன் மேல போன்!” மேனேஜர் உள்ளே நுழைந்தார்.

அவள் தட்டை நீட்டினாள். “பூஞ்சை சார். காத்தைச் சுத்தம் பண்ற மிஷின் ஓடவே இல்ல. யாரு நிறுத்தினது?”

“நாந்தான். ராத்திரி ஆளே இல்லாத ரூமுக்கு எதுக்குக் காத்து? கரன்ட் பில்லை உங்கப்பனா கட்டுறான்?”

“ஆள் இல்லையா? இது யாரு சார், ஆள் இல்லாம?”

“சரி சரி. மருந்து ஊத்திக் கழுவி அனுப்பு. கண்ணுக்குத் தெரியாததை எவன் கேக்கப் போறான்?”

“ஒட்டலைன்னா?”

“நோயாளி உடம்பு ஏத்துக்கலைன்னு சொல்லிக்கலாம். புதுசாவா சொல்றோம்?”

அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

“அது அவங்க சொந்தத் தோல் சார்! எந்த உடம்பு தன் தோலையே வெளிய போன்னு சொல்லும்?”

“உன் வேலை அடைகாக்கறது. கொக்கரிக்கறது இல்ல.”

“கூமுட்டையைக் குஞ்சுன்னு சொல்லி என்னால அனுப்ப முடியாது.”

சொன்ன கையோடு ப்ளீச் புட்டியைத் திறந்தாள். மேனேஜர் பாய்ந்து வருவதற்குள் தட்டுகளில் ஊற்றிவிட்டாள். ஒன்றே ஒன்றை மட்டும் மூடி எடுத்துக்கொண்டாள்.

மேனேஜர் கதவைத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினார். “யோவ் டிரைவரே! உன் பொண்டாட்டி தோலை இவ ப்ளீச் ஊத்தி அழிச்சிட்டா! வேணும்னே அழிச்சிட்டா!”

டிரைவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதில் ஓர் அடியே விழுந்திருக்கலாம்.

“குப்புறப் படுத்தே கிடக்கா தங்கச்சி அவ. உங்களை நம்பித்தானே… ஏன் இப்படிப் பண்ணீங்க?” குரல் உடைந்தது. கை முஷ்டியானது.

அவள் பின்வாங்கவில்லை. மஞ்சள் தட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். “பூஞ்சை புடிச்சிடுச்சுண்ணே. காத்து மிஷினை நிறுத்திட்டாங்க. இதைக் கழுவி உங்க வீட்டம்மா முதுகுல வைக்கச் சொன்னாங்க. அதான் ஊத்தினேன். வேணும்னேதான் ஊத்தினேன்.”

சத்தம் கேட்டு அரங்கிலிருந்து வந்த அறுவை மருத்துவர், தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் வெளுத்தது.

“இதை அந்த முதுகுல வச்சிருந்தா, ரத்தத்துல கலந்து ஆளையே கொண்டுபோயிருக்கும்.” மேனேஜர் பக்கம் திரும்பினார். “‘உடம்பு ஏத்துக்கல’ன்னு நீங்க எழுதி அனுப்பினதை நம்பி, எத்தனை குடும்பத்துக்கிட்ட நானே போய்ச் சொல்லியிருக்கேன்! ஒரு தடவையாவது நான் கேட்டிருக்கணும். இனிமே நீங்க யாருக்குப் பதில் சொல்றீங்கன்னு பாருங்க.”

பிறகு டிரைவரிடம் குரலைத் தணித்தார். “தானமா வந்த தோல் இருக்கு. அதை வச்சு இப்போதைக்குப் புண்ணை மூடறேன். அவங்க தோலை மறுபடி கொஞ்சம் எடுத்து, முதல்லேர்ந்து வளர்க்கணும். காத்திருக்க முடியுமா?”

டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதிலை மருத்துவருக்குச் சொல்லவில்லை. நேராக மேனேஜரிடம் போய் நின்றார்.

“நான் பஸ் ஓட்டறவன் சார். பிரேக் புடிக்கலைன்னு தெரிஞ்சா வண்டியை எடுக்க மாட்டேன். லேட்டாகுதுன்னு சனம் வாய்க்கு வந்தபடி திட்டும். திட்டட்டும், உயிரோட இருந்து திட்டட்டும். தப்பு நடந்துபோச்சுன்னா வாயைத் திறந்து சொல்லுங்க, நாங்க காத்திருப்போம். தெரிஞ்சே மறைச்சு எங்க உடம்புல வச்சீங்கன்னா, அதுக்குப் பேரு வைத்தியம் இல்ல சார். கொலை.”

டிரைவர் ஆய்வகக் கதவைக் கைகாட்டினார்.

“இன்னும் என்ன நிக்கிறீங்க? போய் அந்தக் காத்து மிஷினைப் போடுங்க. எங்க வீட்டம்மா மறுபடி வரப்போறாங்க.”