பன்னிரண்டாம் நாள் மாத்திரை

தேய்க்கக் கூடாது, ஒற்றி மட்டும் எடுங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். மல்சுன் ஈரப் பஞ்சைக் கணவரின் உதட்டில் ஒற்றினாள். அப்படியும் பஞ்சோடு தோல் வந்தது.

கணவர் தோக்மான், கொரியாவின் வான்தோ தீவில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். கண்ணில் அழுத்தம் ஏறி ஓரப்பார்வை மங்கியது. சொட்டு மருந்து போதாதென்று கண் டாக்டர் மாத்திரை எழுதினார். மாத்திரை தொடங்கிய பத்தாம் நாள் காய்ச்சல், தொண்டைவலி. ஜலதோஷம்தான் என்று மல்சுன் சோயா முளை சூப் வைத்தாள்.

"வாயெல்லாம் எரியுதுடி. இந்த மாத்திரை வேண்டாமே."

"சாக்கு சொல்லாதீங்க. கண்ணு போச்சுன்னா பஸ்ஸ நானா ஓட்டுவேன்?"

"நீ ஓட்டினா கடல்லதான் போய் நிக்கும்."

சிரித்தபோது உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. அவள்தான் மாத்திரையை நாக்கில் வைத்தாள். மறுநாளும் வைத்தாள், அதற்கு மறுநாளும்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் பனியனைக் கழற்றியபோது முதுகுத் தோலும் சேர்ந்து உரிந்தது.

குவாங்ஜு நகர ஆஸ்பத்திரியில் தீக்காயப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள்.

"தீயே படலையே டாக்டர்."

"புதுசா ஏதும் மருந்து சாப்பிட்டாரா?"

மாத்திரை அட்டையை நீட்டினாள்.

"கடைசியா எப்ப?"

"இன்னைக்குக் காலையில."

டாக்டர் அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரைப் படித்தார். "சிலர் உடம்புக்கு இது ஆகாதும்மா. பிறவியிலேயே ரத்தத்துல இருக்கிற கூறு. முன்னாடியே ரத்தத்த சோதிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அது நடந்து எட்டு நாளாகிவிட்டது. இமைகள் ஒட்டிப்போயிருந்தன. தொண்டையில் குழாய். பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அவள் நிமிர்ந்தபோது தலைமாட்டில் இதயத்துடிப்புக் கருவி கூவத் தொடங்கியது. நர்ஸ்கள் ஓடிவந்து அவளை வெளியே தள்ளினார்கள். அரைமணி நேரம் கழித்து டாக்டர் வந்து தலை குனிந்தார்.

மறுநாள் இழவுக் கூடத்தில் கொழுந்தன் ஒரு கிண்ணம் சோஜு சாராயத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தான். "அண்ணன் மருந்துன்னாலே ஓடுவாரே, அண்ணி. இத மட்டும் எப்படி விடாம போட்டாரு?"

மல்சுன் வாய் திறந்தாள். மகள் ஹேரிம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சூப் ஆறுது, சாப்பிடுங்க," என்று மல்சுன் கொழுந்தன் பக்கம் தட்டை நகர்த்தினாள்.

பிற்பகலில் தோக்மானின் உடலைச் சணல் துணி சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் வெள்ளைத் துணி.

"கடைசியா ஒரு தடவ தொட்டுக்கங்கம்மா," என்றார் சடங்கு செய்பவர்.

ஹேரிம் அப்பாவின் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மல்சுன் கையை நீட்டினாள். அது அவர் மார்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அப்படியே நின்றது.