முப்பத்து மூவாயிரத்து அறுநூறு

மோடம் மறுபடியும் கத்தத் தொடங்கியது. முதலில் எண்ணைச் சுற்றும் டிக்டிக், பிறகு ஒரு நீண்ட விசில், அதற்குப் பதிலாக எங்கிருந்தோ இன்னொரு விசில், கடைசியில் மணலை வாளியில் கொட்டுவதுபோல் ஓர் இரைச்சல். அவள் சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாள். இரைச்சல் அடங்கியது. திரையின் மூலையில் இணைப்பின் வேகம் எண்ணாக வந்தது. 33,600. நேற்றும் அதேதான். முந்தாநாளும் அதேதான்.

மோடம் வந்த அட்டைப்பெட்டியின் மேல் ஐம்பத்தாறாயிரம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பிழைதிருத்துபவளின் கண்ணுக்கு அது ஒரு பிழை. ஒரு பக்கத்தில் ஓர் எண், அடுத்த பக்கத்தில் வேறோர் எண் என்றால் இரண்டில் ஒன்று தப்பாக இருக்க வேண்டும். கூட வந்த கையேட்டை மூன்று முறை வாசித்து, அதிலிருந்த பதினோரு அச்சுப்பிழைகளையும் வட்டமிட்டுவிட்டாள். அந்த எண் மட்டும் புரியவில்லை.

புரியவைக்க ஆட்களுக்குக் குறைவில்லை. இந்த வேகத்துக்கு முதலில் இரண்டு முறைகள் இருந்தன, இரண்டு கட்சிக்காரர்கள் மாதிரி, ஒன்றின் பேச்சு மற்றதுக்கு விளங்காது என்றார் கடைக்காரர். உங்கள் மோடம் ஒரு கட்சி, இணைய நிறுவனம் இன்னொரு கட்சி, அதனால்தான் இரண்டும் பழைய வேகத்துக்கு இறங்கிச் சமாதானமாகின்றன என்றார். அதெல்லாம் பழங்கதை, இரண்டுக்கும் பொதுவாக வி.90 என்று ஒரு தரம் வந்துவிட்டது, மோடத்துக்குள் இருக்கும் நிரலை மாற்றுங்கள் என்றார் இணைய நிறுவனத்துக்காரர். மாற்றினாள். தொலைபேசி அலுவலகத்திலிருந்து வந்தவர் கம்பியைச் சுண்டிப் பார்த்து, லைன் தங்கம் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று பேரும் சரியாகத்தான் சொன்னார்கள் போலிருந்தது. அதுதான் குழப்பமே.

அச்சகத்துக்கு அவள் குழப்பம் தேவையில்லை. வரும் திங்கள் முதல் பக்கங்களெல்லாம் படங்களாகத் தொலைபேசி வழியே வரும். காலை ஒன்பதுக்கு அனுப்புவார்கள், பன்னிரண்டுக்குள் திருத்தங்கள் திரும்ப வேண்டும். இந்த வேகத்தில் பக்கங்கள் வந்து இறங்கவே பதினொன்றரை ஆகிவிடும். "உங்க கண்ணு மாதிரி இன்னொரு கண்ணு எங்களுக்குக் கிடைக்காதும்மா. ஆனா பக்கம் வந்து சேரலேன்னா கண்ணை வச்சு என்ன பண்றது?" என்றார் மேலாளர். பத்தொன்பது வருட வேலைக்கு அது இறுதி எச்சரிக்கை என்று அவளுக்குத் தெரியும்.

வாசலில் நிழல் தட்டியது. மாடியிலிருந்து அண்ணி இறங்கி வந்திருந்தாள்.

"உன் மெஷினுக்கு இன்னிக்கும் பல்லு வலியா? அது கத்துற கத்துல மேல எனக்கே கன்னம் வீங்கிடும் போலிருக்கு."

"அவ்வளவா கேக்குது?" என்றவள், பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மறுபடியும் செருகினாள். "அண்ணன் ஏதாவது சொன்னாரா?"

"உங்கண்ணனா? அவர் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள உன் மெஷின் நாலு வாட்டி பேசி முடிச்சிடும். அது கூடத் தேவலாம் போ."

சொல்லிவிட்டு அண்ணி கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போய்விட்டாள். இரண்டு வருடமாக மாடிக்கும் கீழுக்கும் நடுவே அண்ணிதான் போய்வருகிறாள். அம்மாவை இனி மருத்துவமனையில் வைத்திருக்க வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று கையெழுத்துப் போட்டவள் இவள். அண்ணன் அப்போது வெளியூரில் இருந்தான். கையெழுத்துப் போடுமுன் அவனைக் கூப்பிட்டாள். லைன் கிடைக்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ஏன் என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது. அவன் வந்து சேர்ந்தபோது அம்மா இல்லை. "ஒரு போன் பண்ணியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு அவன் எதுவும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தினமும் மாலை ஆறு மணிக்குத் தொலைபேசி இரண்டு சிறிய மணியாக விட்டுவிட்டு அடிக்கும். அப்படி அடித்தால் வீட்டுக்குள்ளிருந்தே அழைப்பு, அதாவது மாடியிலிருந்து. எடுத்துக் காதில் வைப்பாள். மறுமுனையில் பேச்சிருக்காது. மூச்சு கேட்கும். நாற்காலி ஒன்று முனகும். மாடிக் கடிகாரம் டக்டக்கென்று நடக்கும். கூப்பிட்டவன் அவன், அவன்தான் முதலில் பேச வேண்டும் என்று இவள் காத்திருப்பாள். ஒரு நிமிடம், சில நாள் இரண்டு. பிறகு யாராவது ஒருவர் வைத்துவிடுவார்கள். ஆறு மணிக்கு அவள் மோடத்தை ஒரு நாளும் ஓடவிட்டதில்லை.

அன்று ஐந்து மணிக்கு மோடம் பழுதுபார்ப்பவர் வந்தார். முப்பது வயதிருக்கும். அவர் கம்பியைச் சுண்டவில்லை, கையேட்டைக் கேட்கவில்லை. மோடத்தை ஒருமுறை கத்தவிட்டு, கண்ணை மூடிக் கேட்டார்.

"அக்கா, இந்த ரெண்டு விசிலும் சும்மா இல்ல. பேசறதுக்கு முன்னாடி ரெண்டும் நடுவுல இருக்கற லைன அளந்து பாக்குது. எவ்வளவு தாங்கும்னு. நடுவுல ஏதோ நிக்குது. இந்த வீட்டுல வேற எதாவது பெட்டி இருக்கா?"

படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. ஒரே லைனை மாடிக்கும் கீழுக்கும் பங்குபோட, மூடப்பட்ட ஓர் அலுவலகத்திலிருந்து அண்ணன் எப்போதோ வாங்கி மாட்டிய பெட்டி. பழுதுபார்ப்பவர் குனிந்து பார்த்துவிட்டு, திருடனைப் பிடித்தவர்போலச் சிரித்தார்.

"இவர்தான் ஆளு. வெளியிலேர்ந்து வர்ற சத்தத்த இவர் எண்ணா மாத்தி, திரும்பச் சத்தமா மாத்தி உங்ககிட்ட குடுக்கறாரு. அந்தப் பெரிய வேகத்துக்கு வழியில ஒரு தடவைதான் மாத்தலாம், அத உங்க தெரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சே பண்ணிடுது. இவர் இருக்கறவரைக்கும் எந்தத் தரம் வந்தாலும் முப்பத்து மூணாயிரத்து அறுநூறுதான்."

"அப்ப என்ன செய்யறது தம்பி?"

"பெட்டியக் கழட்டிட்டு லைன நேரா உங்களுக்குக் குடுத்துடலாம். பத்து நிமிஷ வேலை. மாடிக்குத் தனி லைன் கேட்டு எழுதிக் குடுங்க. எட்டு மாசம் ஆகும்னு சொல்றாங்க. அதுவரைக்கும் மேல போன் இருக்காது."

அவர் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த பொத்தானை அழுத்தி, சின்னக் கண்ணாடியில் ஒவ்வொன்றாக ஓடும் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்னக்கா, தினம் ஆறு மணிக்கு ரெண்டு பக்கமும் மணியடிச்சு இணைக்கச் சொல்லி வச்சிருக்கீங்க? மாத்திரை சாப்பிட ஞாபகப்படுத்தவா?"

"ரெண்டு பக்கமுமா?"

"ஆமா. கீழயும் அடிக்கும், மேலயும் அடிக்கும். யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம். பெட்டியே கூப்பிட்டுக்கும்."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியானால் அவன் கூப்பிடவே இல்லை. மேலே அவனும், கூப்பிட்டவள் இவள், இவள்தான் முதலில் பேச வேண்டும் என்று காத்திருந்திருக்கிறானா? எழுநூறு நாள், இரண்டு பேரும் அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டு?

"அது ரொம்ப வருஷம் முன்னாடி வச்சதா இருக்கும்" என்றாள், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. "அம்மா இருந்தப்போ."

"இல்லக்கா. உள்ள பேட்டரி செத்துக் கிடக்கு பாருங்க. கரண்ட் போனா இதுக்கு எல்லாம் மறந்துடும். கடைசியா எப்ப போச்சு?"

போன மாதம். ஓர் இரவு முழுக்க இல்லை. அதற்குப் பிறகு மூன்று நாள் ஆறு மணிக்கு மணி அடிக்கவில்லை என்பதும் அவளுக்கு நினைவிருந்தது. அந்த மூன்று நாளும் அவள் கையில் ஒரு பக்கம்கூட ஓடவில்லை. நாலாம் நாள் மறுபடி அடித்தது. அப்படியானால் யாரோ இறங்கி வந்து, இந்தப் பொத்தான்களின் முன் குனிந்து உட்கார்ந்து, மறுபடியும் வைத்திருக்கிறார்கள். பெட்டியின் குறிப்புப் புத்தகம் மாடிச் சமையலறையில் ஆணியில் தொங்குகிறது. அண்ணனுக்கு அது மனப்பாடம். அண்ணிக்கும் படிக்கத் தெரியும். அண்ணி வைத்திருந்தால் அது ஒரு கதை, அண்ணன் வைத்திருந்தால் வேறு கதை. அண்ணன்தான் என்றால், அடிக்கப்போவது தெரிந்தே எடுத்து, எதற்காகப் பேசாமல் இருந்தான்? இரண்டு கதைகளில் எது பிழை என்று அவளால் வட்டமிட முடியவில்லை.

"கழட்டவாக்கா?" பழுதுபார்ப்பவர் திருப்புளியை எடுத்திருந்தார்.

"மணி என்ன?"

"ஆறாகப் போகுது."

"அஞ்சு நிமிஷம் இருங்க."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு படிக்கட்டோரம் சாய்ந்தார். பெட்டியின் முகப்பில் இரண்டு சிறிய விளக்குகள் இருந்தன. கீழ்த்தளத்துக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று, போனை எடுத்தால் எரிபவை. இரண்டும் இருண்டிருந்தன. அவள் கூடத்துக்குள் போய்த் தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்றாள். அங்கிருந்து திறந்த கதவு வழியே பெட்டி தெரிந்தது.

இரண்டு சிறிய மணி அடித்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதால், முதல் முறையாக, மாடியிலும் அதே மணி அடிப்பது கேட்டது. அவள் எடுத்தாள். ஒரு விளக்கு எரிந்தது. சற்றுப் பொறுத்து மற்றதும் எரிந்தது. மூச்சு. நாற்காலி. கடிகாரம்.

"அண்ணா" என்றாள். "இந்தப் பெட்டியக் கழட்ட ஆள் வந்திருக்கு. திங்கக்கிழமைக்குள்ள கழட்டலேன்னா எனக்கு வேல போயிடும்."

மாடியில் நாற்காலி முனகுவது நின்றது.

"அன்னிக்கு நான் ஒரு தடவதான் போன் போட்டேன். இன்னொரு தடவ போட்டிருக்கணும்."

கடிகாரம் நடந்துகொண்டே இருந்தது. ஒரு நிமிடம் ஆகியிருக்கும், இரண்டும் ஆகியிருக்கலாம். வழக்கமாக யாராவது ஒருவர் வைத்துவிடும் நேரம் கடந்துவிட்டது. அவள் கதவு வழியே பார்த்தாள். பழுதுபார்ப்பவர் சத்தம் வராமல் திருப்புளியைப் படியில் வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு பெட்டியைப் பார்த்தபடி நின்றிருந்தார். அவர் முழங்கால் உயரத்தில், படிக்கட்டின் இருட்டுக்குள், இரண்டு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன.