டேப் விசை காட்டிய கிளை

அலுவலகத்தில் அவளுக்கு 'முழுநீளம்' என்று பட்டப்பெயர். வைத்தவன் எதிர்மேசைக்காரன். கணினி நிரலின் பழைய பிரதி, புதிய பிரதி எல்லாவற்றையும் கட்டிக்காக்கும் கருவி ஒன்று அங்கே உண்டு. அதற்குக் கட்டளை கொடுக்கும்போது மற்றவர்கள் நாலு எழுத்தைத் தட்டி டேப் விசையை அழுத்துவார்கள்; மீதியைக் கருவியே நிரப்பிக்கொள்ளும். இவள் மட்டும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை தானே தட்டுவாள். மூன்று வருடமாக அவனும் சொல்லிப் பார்த்தான். இவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அன்று காலை விரல் சொன்னபடி கேட்கவில்லை. ஒரே கட்டளையை நாலு தடவை தப்பும் தவறுமாகத் தட்டினாள். வீட்டில் நிலைமை அப்படி. அவளுடைய அண்ணி ஒரு மருத்துவமனையில் செவிலி. போன மாதம் அண்ணியின் பொறுப்பில் இருந்த நோயாளிக்கு மருந்தேற்றும் இயந்திரத்தில் குழாய் அடைத்துக்கொண்டது. அலாரம் அடித்தும் செவிலி வரவில்லை, நோயாளி இறந்துவிட்டார் என்று மருத்துவமனையில் அறிக்கை எழுதிவிட்டார்கள். அலாரம் அடித்த நேரம் இயந்திரத்தின் பதிவேட்டில் துல்லியமாக இருந்தது. கண்ணசந்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை மட்டும் போகும், வழக்கு வராது என்றார்கள். அன்று மாலை ஐந்து மணிதான் கெடு.

அந்த இயந்திரத்துக்கு நிரல் எழுதுவது இவளுடைய அலுவலகம். அதனாலேயே அண்ணியைப் பற்றி அங்கே ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. வெட்கம்தான், வேறென்ன. காலையில் சாப்பிடும்போது, "போட்டுடுங்க அண்ணி, மெஷின் பொய் சொல்லாது" என்று சொன்னதும் இவளேதான். அண்ணி தட்டைக் கழுவ எழுந்து போனாள்.

ஐந்தாவது முறையும் தப்பாகத் தட்டியதும் இவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. எதிர்மேசைக்காரன் எப்போதோ அனுப்பியிருந்த குறிப்பைத் தேடி எடுத்தாள். பெயர் நிரப்பும் கோப்பை இறக்கித் தன் முகப்புக் கோப்புறையில் வைத்தாள். கட்டளை தட்டும் டெர்மினல் ஜன்னலைத் திறக்கும்போதெல்லாம் அதைப் படி என்று தொடக்கக் கோப்பில் ஒரு வரி சேர்த்தாள். டேப்பை அழுத்தினாள், ஒன்றும் நடக்கவில்லை. பழைய ஜன்னலிலேயே உட்கார்ந்திருந்தால் எப்படி நடக்கும்? மூடிவிட்டுப் புதிதாகத் திறந்த பிறகு வேலை செய்தது.

இரண்டு முறை அழுத்தினால் கிளைகளின் பட்டியலே வரும். ஒவ்வொரு வேலைக்கும் நிரலின் தனிப் பிரதி ஒன்று எடுப்பார்களே, அதைத்தான் கிளை என்பார்கள். இத்தனை நாளும் தெரிந்த பெயரை மட்டுமே தட்டியவளுக்குத் தெரியாத பெயர்கள் எத்தனையோ அங்கே இருந்தன. மூன்றாவது வரியில் 'அலாரம்-தாமதம்' என்று ஒன்று.

இங்கேதான் அவள் தப்புச் செய்தாள். திறந்து பார்க்கும் முன்பே, இது யாருடைய கிளை என்று குழு அரட்டையில் கேட்டுவிட்டாள். ஒருவரும் பதில் போடவில்லை. பிறகுதான் திறந்தாள். குழுத்தலைவர் எழுதிய இரண்டே வரித் திருத்தம். கூடவே அவருடைய குறிப்பு: குழாய் அடைத்தால் பதிவேட்டில் உடனே ஏறுகிறது, ஒலி பதினோரு நிமிடம் கழித்தே வருகிறது, சரிசெய்யப்பட்டது. தேதி, நோயாளி இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு. அந்தத் திருத்தம் எந்த இயந்திரத்துக்கும் போகவில்லை.

"அப்படி ஒரு கிளையே இல்லையே, எங்க பாத்தே?" என்றான் எதிர்மேசைக்காரன். அவன் திரையில் இல்லை. எல்லாருக்கும் பொதுவான சர்வரிலும் இல்லை. அவள் கேட்ட கால் மணி நேரத்துக்குள் யாரோ அழித்திருக்கிறார்கள். சர்வரில் அழிந்ததைத் தானாகத் துடைத்துவிடும்படி அவன் தன் கணினியை வைத்திருந்தான். இவள் எதையும் அப்படி வைத்ததில்லை. துடைக்கச் சொல்லும்வரை பழைய கிளை இவளிடம் கிடக்கும். அவசரத்தில் அழித்தவருக்கு இது மறந்துபோயிருக்கும், ஆனால் எவ்வளவு நேரம் மறக்கும்? அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. அந்தக் கிளையைத் தன் கணினியிலேயே 'எழுத்துரு-சீரமைப்பு' என்ற பெயரில் இன்னொரு பிரதி எடுத்தாள்.

எடுத்து முடிக்கவும் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு குழுத்தலைவர் வரவும் சரியாக இருந்தது. முகம் நிறையச் சிரிப்பு. கொஞ்சம் எழுந்திருக்கச் சொல்லி அவளுடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தார். துடைக்கும் கட்டளையில் இரண்டெழுத்தைத் தட்டி டேப்பை அழுத்தினார். மீதியை அது நிரப்பிக் கொடுத்தது. அவள் காலையில் அமைத்த வசதி அவருக்கும் குறையில்லாமல் உழைத்தது. மறுபடி இரண்டு முறை டேப். பட்டியலில் 'அலாரம்-தாமதம்' இல்லை. அவர் பார்வை 'எழுத்துரு-சீரமைப்பு' வரியில் ஏறி, இறங்கிப் போனது.

எல்லாருக்கும் புது லேப்டாப் வருகிறதாம், இதை மதியத்துக்குள் தன்னிடம் கொடுத்துவிட வேண்டுமாம். எதிர்மேசைக்காரன் நிமிர்ந்து பார்த்தான். அவனிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

எழுந்து நின்றவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க அண்ணி எப்படிம்மா இருக்காங்க?"

அவருக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"பாவம், அவங்களை எதுக்கு அஞ்சு மணி வரைக்கும் காக்க வைக்கணும்? ஆஸ்பத்திரியில பேசியாச்சு, நம்ம ஆளு ஒருத்தர் பேப்பரை எடுத்துக்கிட்டு வீட்டுக்கே போயிருக்காரு."

அவர் கதவை எட்டுமுன் அவள் போனை எடுத்துவிட்டாள். நாலு தடவை மணி அடித்த பிறகுதான் அண்ணி எடுத்தாள்.

"அண்ணி, கையெழுத்து போட்டுட்டீங்களா?"

"இப்பதான் பேனாவைக் கொடுத்தாரு. நல்ல மனுஷன், பொறுமையா பேசுறாரு."

"பேனாவைக் கீழ வைங்க. அலாரம் அடிக்கலை அண்ணி. பதினோரு நிமிஷம் அது அடிக்கவே இல்லை. என் கண்ணால பாத்துட்டேன்."

அந்தப் பக்கம், போன்ல யாருங்க என்று ஓர் ஆண் குரல், மிக அருகில் கேட்டது.

"அப்ப நான் தூங்கலையா?" என்றாள் அண்ணி.

ஒரு மாதமாக அந்த மனுஷி இதைத் தன்னையே கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். அதே வீட்டில், அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே தானும் அவளை நம்பவில்லையே என்று இவளுக்கு அழுகை முட்டியது. கதவருகே குழுத்தலைவர் நின்று திரும்பிப் பார்த்தார். அந்த வரிசையில் எல்லாரும் தட்டுவதை நிறுத்தியிருந்தார்கள்.

"இல்லை அண்ணி. நீங்க தூங்கலை" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். அந்தப் பக்கம் பேனாவை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

குழுத்தலைவர் கதவை உள்பக்கமாகச் சாத்திவிட்டு அவளை நோக்கி நடந்து வந்தார்.