எந்தக் கல்லாறு

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கார்ட்டுக்கு எழுதவென்று மேசையடியில் குந்திய தயாளினிக்கு முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. "கல்லாற்றைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட அமரர் குணலட்சுமி அவர்களின்..." என்று எழுதியிருந்தாள். கல்லாறு என்பதற்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருந்தாள். அந்த இடத்தில் மட்டக்களப்பு என்று போடுவதா விடுவதா என்பதுதான் காலையிலிருந்து அவளைத் தின்றுகொண்டிருந்தது. போனது அவளுடைய மாமியார், புருசன் பேரின்பராசாவின் தாய். யாழ்ப்பாணத்தில் பிறப்பிடம், வதிவிடம் இல்லாமல் ஒருவரைக் கார்ட்டில் சாகவிடமாட்டார்கள். எந்தச் சாமியைக் கும்பிட்டார், எத்தனை பிள்ளை பெற்றார் என்பதெல்லாம் பிறகுதான். முதலில் எவ்விடம் என்று தெரியவேண்டும்.

"கல்லாறு எண்டு மட்டும் போடு, காணும்," என்றா தயாளினியின் தாய் அருமைநாயகி. கட்டிலில் இருந்தபடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தவ, தலையை நிமிர்த்தவில்லை. "அதிலை பொய் ஒண்டும் இல்லையே."

பொய் இல்லைத்தான். இலங்கையில் கல்லாறு ஒன்றா இரண்டா? கல்லுக் கிடக்கிற இடத்தில் ஆறு ஓடினால் சனம் வேறு பேர் தேடி மினைக்கெடாது. மன்னார்ப் பக்கம் ஒரு கல்லாறு. கிளிநொச்சியில், தருமபுரத்தைத் தாண்டினால் ஒரு கல்லாறு. மட்டக்களப்பில் கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. மாரிக்கு மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றை விட்டால் ஆறென்று காட்ட ஒன்றுமில்லாத யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதில் எது எந்த ஆறென்று எப்படித் தெரியும்? அந்தத் துணிவில்தான் அருமைநாயகி தன் ஒரே மகளின் கலியாணத்தை ஒப்பேற்றினா.

அது சண்டை ஓய்ந்திருந்த சமாதான காலம். பாதை திறந்து, எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கிணறு துப்புரவாக்குகிற ஒரு தொண்டு நிறுவனத்தில் தயாளினி ரைப் அடித்தாள், பேரின்பராசா தண்ணீர் இறைக்கிற மிசின்களைத் திருத்தினார். மிசினைப் பார்த்த நேரம் போக மிச்சத்தில் அவர் தயாளினியைப் பார்த்தார். விசயம் வீட்டுக்கு வந்தபோது அருமைநாயகி மூன்று நாள் அழுதா. தகப்பனில்லாத பிள்ளை, தனியாக வளர்த்தெடுத்ததை மட்டக்களப்பானுக்குக் கட்டிக் கொடுத்தால் தங்கள் ஊரான உரும்பிராய் என்ன கதைக்கும் என்பது அவவுக்கு நன்றாகத் தெரியும். வசிய மருந்து போட்டு மயக்கிவிட்டார்கள், மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிட்டார்கள் என்றுதான் கதைக்கும். அவவே மற்றவர்கள் வீட்டு விசயத்தில் அப்படிக் கதைத்தவதான். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து மகளைப் பார்த்தா. பிள்ளையின் முகம் சுண்டிப்போய்க் கிடந்தது. சரி, நடக்கட்டும் என்றுவிட்டா.

தயாளினியின் பெரியம்மாக்காரி வந்து, "பெடியன் எவ்விடம்?" என்று கேட்டா.

"கல்லாறு," என்றா அருமைநாயகி.

"தருமபுரத்துக்கு அங்காலை, எங்கடை ஆக்கள் காடு வெட்டிக் குடியேறின கல்லாறோ?"

"ஓம், அங்காலைதான்."

எவ்வளவு அங்காலை என்று பெரியம்மா கேட்கவில்லை. இவவும் சொல்லவில்லை. ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் குந்தியிருந்து முதுகு விட்டுப்போனால் வருகிற அங்காலை அது. கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் ஒரு வானில் வந்து இறங்கினார்கள். குணலட்சுமி வானால் இறங்கி நிலத்தில் காலை வைத்ததுமே, "எங்க மனே நம்மட புள்ள? மறுகா எல்லாம் பேசுவம், முதல்ல புள்ளயக் காட்டுங்க," என்றா. அந்த மட்டக்களப்பு 'மனே'யையும் 'மறுகா'வையும் கேட்ட அருமைநாயகிக்கு உயிர் போய் வந்தது. சம்பந்தியைக் கையில் பிடித்து அறைக்குள் கொண்டுபோய், பயணக் களைப்பென்று சொல்லி, சோடாவும் பலகாரமும் அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்து, தாலி கட்டுகிற நேரத்துக்குத்தான் வெளியே விட்டா. பாவம் அந்த மனுசி, யாழ்ப்பாணத்தில் சம்பந்திக்கு இப்படித்தான் மரியாதை செய்வார்களாக்கும் என்று நினைத்துச் சந்தோசமாக இருந்தா. மறுநாள் கீரிமலைக்குக் கூட்டிப்போனபோது பெண்கள் கேணியில் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "நான் செத்தா என்ட சாம்பல இஞ்சதான் கொண்டந்து கரைக்கணும்," என்றா. ஒரே மகன் அதை மறக்கவில்லை. அதனால்தான் இப்போது கீரிமலையில் கிரியை, உரும்பிராயில் சாப்பாடு, ஊருக்கெல்லாம் கார்ட்.

இத்தனை வருசத்தில் அந்த வீட்டில் மட்டக்களப்பு என்ற சொல் வெளிச்சத்தில் வரவில்லை. ஒருவரும் தடை போடவில்லை. ஆனால் பேரின்பராசா ஊரைப் பற்றி ஏதாவது தொடங்கினால் அருமைநாயகி எழும்பிப் போய் வெளிக்கதவைச் சாத்துவா. இரண்டு மூன்று தரம் கதவு சாத்தப்பட்டதும் அவர் நிறுத்திக்கொண்டார். வருசத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய் வந்தார். அருமைநாயகியைப் போலவே 'எண்டு', 'இருக்கோ', 'ஓமோம்' என்று கதைக்கப் பழகினார். சொன்னதைச் செய்தார், வைத்ததைச் சாப்பிட்டார், மாமியாரின் முழங்காலுக்கு எண்ணெய் வாங்கிவந்தார். கதை குறைந்த மனுசன் என்றுதான் தயாளினி நினைத்திருந்தாள். கொழும்பில் படிக்கிற மகள் நிவேதனாவுக்கும், "அப்பாவின்ரை சுபாவம் அப்பிடி," என்றே சொல்லி வளர்த்திருந்தாள்.

பின்னேரம் பேரின்பராசா வந்து கிணற்றடியில் கையிலிருந்த கிறீசைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மொட்டை அடித்த தலையில் இப்போதுதான் நரை மயிர் குத்திக்கொண்டு வந்திருந்தது. தயாளினி பக்கத்தில் போய் நின்றாள்.

"இஞ்சருங்கோ. கார்ட்டிலை ஊர்ப்பேர் எப்பிடிப் போடுறது?"

அவர் நகக்கண்ணில் இருந்த கறுப்பைக் கிளறினார்.

"கல்லாறு எண்டே போடும். மாமிக்கும் கரைச்சல் இல்லை." கையைக் கழுவி உதறினார். "அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதுதானே."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். சமாதானம் சொல்கிற குரலில், அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றல்லவா சொன்னார். தாயைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிற மனுசன், தன்னைத் தேற்றுகிறார் என்று நினைக்க அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. அந்த மனுசி எத்தனை தரம் இவள் கொடுத்தனுப்பிய பனங்கட்டிக்கும் வெங்காயத்துக்கும் நன்றி சொல்லி ரெலிபோன் எடுத்திருப்பா, எத்தனை தரம் வா புள்ள வா என்று கூப்பிட்டிருப்பா. பஸ் தூரம், முதுகு நோ, மகளின் சோதினை என்று சாட்டுச் சொல்லிச் சொல்லி ஐந்தாறு தரம்தான் போயிருக்கிறாள். போனபோதும் யார் கண்ணிலாவது பட்டுவிடுவேனோ என்று பயந்துகொண்டுதான் போனாள்.

விடிந்ததும் விட்டுவைத்திருந்த இடத்தில் 'மட்டக்களப்பு, பெரிய' என்று எழுத்தைப் பெருப்பித்து எழுதிக் கல்லாற்றோடு சேர்த்தாள். தாய்க்கு வாசித்தும் காட்டினாள்.

"உனக்கென்ன விசரோ," என்றா அருமைநாயகி. "இவ்வளவு காலமும் பொத்திப் பொத்தி வைச்சது இதுக்கோ? நாளைக்கு உன்ரை மேளுக்கு ஒரு இடத்திலை கலியாணப் பேச்சு வந்தால் என்ன சொல்லுவாய்?"

"பெரியகல்லாறு எண்டு சொல்லுவன்."

"எல்லாரும் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும், அம்மா. அந்த மனுசி ஒருக்கா அறைக்குள்ளை இருந்தது காணும்."

அருமைநாயகி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டா. தேத்தண்ணியும் வேண்டாம் என்றுவிட்டா. தயாளினி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனாள்.

கார்ட் கைக்கு வந்தபோது முதலில் யாருக்குக் கொடுப்பதென்று யோசித்தாள். வெங்காயத் தோட்டக்காரர் ஆழ்வாப்பிள்ளையிடம் கொடுத்தால் ஊர் முழுக்கக் கொடுத்த மாதிரி. காலையில் அவர் காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் பக்கத்து ஊர் கோப்பாயைத் தாண்டிவிடும். நக்கல் அடிப்பதிலும் அவரை வெல்ல ஆளில்லை. வாங்க வேண்டிய பேச்சை ஒரேயடியாக வாங்கிவிடலாம் என்று அவருடைய தோட்டத்துக்கே போனாள். வெங்காயம் கிண்டி எடுக்கிற காலம். செம்மண் ஒழுங்கையில் ஸ்கூட்டியை விட்டுவிட்டு வாழைகளுக்குள்ளால் நடந்தாள்.

கிணற்றடிப் பக்கமிருந்து சிரிப்புக் கேட்டது. வெங்காயம் கிண்ட வந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. நடுவில் ஒரு ஆண் குரல், ஏற்றமும் இறக்கமுமாக, பாட்டுப் போல ஓடிக்கொண்டிருந்தது.

"... வெள்ளம் வந்து வீட்டுக்குள்ள ஏறிட்டு. அம்மா சோத்துப் பானையத் தலையில வெச்சிட்டுப் போறா. மறுகா என்ன, கால் வழுக்கிப் பானை ஆத்தோட போகுது. நாங்க எல்லாம் கரையில நிண்டு கத்துறம், விடுங்கம்மா, சோறு போனாப் போகட்டும் எண்டு. அம்மா கிறுகிப் பார்த்துச் சொல்றா, சோறு போகட்டும் மனே, பானை என்ட சீதனப் பானை எண்டு. சொல்லிட்டு நீந்துறா. பானை முன்னுக்கு, அம்மா பின்னுக்கு, முகத்துவாரம் வரைக்கும்..."

யாரோ மட்டக்களப்பு ஆள் என்று நினைத்தபடி வாழையிலையை விலக்கிய தயாளினி அப்படியே நின்றுவிட்டாள். கிணற்றடித் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஒரு காலை வைத்து, கையில் மிசின் கழற்றுகிற சாவியோடு, மிசின் பாட்டுக்குக் கழன்று கிடக்க, இரண்டு கையாலும் வெள்ளத்தை நீந்திக் காட்டிக்கொண்டிருந்தது அவளுடைய புருசன். முகம் முழுக்கச் சிரிப்பு. கன்னத்தில் கண்ணீர். அவர் சொல்லச் சொல்லப் பெண்களும் சிரித்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். இப்படியொரு குரலை அவள் தன் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை.

அவளைக் கண்டதும் அவர் கதை பாதியில் நின்றது. அவசரமாகக் குனிந்து மிசினைப் பார்த்தார், களவாக மாங்காய் பிடுங்கி அகப்பட்டவர் மாதிரி.

"வா பிள்ளை," என்றார் ஆழ்வாப்பிள்ளை. கார்ட்டை வாங்கி, கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து வாசித்தார்.

"பேர் சரியாத்தான் போட்டிருக்கு. எத்தினை வானிலை வருகினம்? படுக்கைக்கு இடம் காணாட்டி எங்கடை வீட்டு விறாந்தை கிடக்கு."

"அண்ணைக்கு... இது எந்தக் கல்லாறு எண்டு தெரியுமோ?"

"என்ன பிள்ளை விசர்க் கதை. கலியாண வீட்டிலை உன்ரை மாமி வானாலை இறங்கி வாய் திறக்கவே பந்தலுக்குத் தெரியும். தோட்டக்காரருக்கு இவர் எப்பவும் மட்டக்களப்பு அண்ணைதான்."

"பின்னை ஏன் ஒருத்தரும் ஒரு சொல்லும் கேக்கேல்லை?"

ஆழ்வாப்பிள்ளை கார்ட்டைச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்தார்.

"கொம்மா அந்தப் பாடுபட்டு மறைக்கிறா. அதைப்போய்க் கெடுக்கிறதே? தனிய நிண்டு பிள்ளையைக் கரைசேர்த்த மனுசி. சரி, எங்களுக்குத் தெரியாதெண்டே இருக்கட்டும் எண்டு விட்டிட்டம்."

நிம்மதி வரவேண்டிய இடத்தில் தயாளினிக்கு அழுகைதான் வந்தது. ஊரெல்லாம் அவருக்கு வாய் திறந்திருந்தது. ஒவ்வொரு கிணற்றடியிலும் அவர் தன் ஊரில் இருந்துவிட்டு, பின்னேரம் வீட்டுப் படலையைத் திறந்ததும் வாயைப் பூட்டிக்கொண்டிருக்கிறார். அவர் கதைக்க முடியாமல் இருந்த ஒரே வீடு தன்னுடைய வீடு. இத்தனை வருசமும் அதைச் சுபாவம் என்று சொல்லிக்கொண்டு அவள் பக்கத்தில் படுத்திருந்திருக்கிறாள்.

கிட்டப் போய், மற்றவர்களுக்குக் கேட்காமல், "எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்றாள்.

"மாமி பயப்பிடுறவ." சாவியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். "நீரும் பயந்தனீர்."

"இனிப் பயமில்லை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நம்பலாமோ என்று கேட்பதுபோலத்தான் அந்தப் பார்வை இருந்தது. அதுவும் அவளுக்கு வேண்டியதுதான்.

பெண்களில் ஒருத்தி வெங்காயக் கடகத்தைத் தள்ளிவைத்து இடம் விட்டாள். தயாளினி சேலை மண்ணாகும் என்று பார்க்காமல் வரம்பில் குந்தினாள். "பானைக்கு என்ன நடந்தது? ஆறு எங்கை, கடல் எங்கை, உங்கடை வீடு எங்கை? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, முதலிலையிருந்து சொல்லுங்கோ," என்றாள்.

பேரின்பராசா சாவியைக் கீழே வைத்தார். பிறகு தொட்டித் தண்ணீரில் விரலைத் தோய்த்து, காய்ந்த சீமெந்துக் கட்டின் மேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார். இது கடல். உள்ளுக்கு இன்னொரு வளைந்த கோடு, இது ஆறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளி வைத்தார், "இதுதான் வீடு." பாலம் எது, முகத்துவாரம் எது என்று அவர் வரைந்து முடிப்பதற்குள் வெயிலில் கடல் காய்ந்துபோயிற்று. மறுபடி விரலைத் தோய்த்தார். கடலைப் போட்டுவிட்டு வர ஆறு மறைந்திருந்தது. "கெதியாக் காயுது," என்றார். தயாளினி எழும்பிப் போய்த் தொட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு நிறைய அள்ளி, அவர் விரலுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு நின்றாள்.